கறுப்பு வெள்ளைப் பிரிண்டுக்கு எந்த மேட் காகிதம்?

மூடுபனியில் நிற்கும் ஒரு படகு. பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் நான் முதன்முதலில் பிரிண்ட் எடுத்த படம் அதுதான். திரையில் படகின் அடிப்பாகம் கரிக்கட்டை போல இருந்தது. பிரிண்டரை விட்டு வெளியே வந்தபோது பழைய சிலேட்டுப் பலகை போல வெளுத்திருந்தது. இங்க் சரியில்லை என்றேன், செட்டிங் சரியில்லை என்றேன், கடைசியில் காகிதத்தின் மேல் பழியைப் போட்டு, வேறொன்றை வாங்கி அதே படத்தை மறுபடி எடுத்தேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கறுப்பு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பனி மாறியிருந்தது. முதல் பிரிண்டில் அது நீலம் பாய்ந்த, கண் கூசும் வெள்ளை. இரண்டாவதில் ஈரம் தெரிகிற பனி.

மேட் காகிதம் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எதில் கறுப்பு நன்றாக வரும்?" என்றுதான். நானும் ரொம்ப நாள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல மேட் காகிதங்களுக்குள் கறுப்பில் இருக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். வெள்ளையிலும் மேற்பரப்பிலும்தான் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கின்றன. அதனால் கறுப்பை முதலிலேயே பேசி முடித்துவிடுகிறேன்.

கறுப்பு எவ்வளவு ஆழம் என்பதை அடர்த்தி எண்ணால் சொல்வார்கள். டிமேக்ஸ் என்று பெயர். பிக்மென்ட் இங்கில் (நுண்ணிய நிறத்துகள்கள் மிதக்கும் இங்க்) ஒரு நல்ல மேட் காகிதம் சுமார் 1.6 முதல் 1.7 வரை தரும். பரைட்டா (பேரியம் சல்பேட் பூச்சு உள்ள காகிதம்), பளபளப்புக் காகிதங்களில் 2.3க்கு மேலேயே போகும். இது லாகரிதம் கணக்கு. எண்ணைப் பார்த்தால் சின்ன வித்தியாசம் போலத் தெரியும், கண்ணால் பார்த்தால் அப்படி இருக்காது. 1.65 என்றால் மேலே விழும் வெளிச்சத்தில் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் திரும்பி வருகிறது. 2.3 என்றால் அரை சதவீதம். வெள்ளைக் காகிதம் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், மேட்டில் வெள்ளை கறுப்பைப் போல 40 மடங்கு பிரகாசம், பரைட்டாவில் 180 மடங்கு.

இதற்குக் காரணம் மேற்பரப்பு. பளபளப்பான பரப்பில் பட்ட ஒளி கண்ணாடியில் பட்டதுபோல ஒரே திசையில் போய்விடும். தாளைச் சற்றுத் திருப்பினால் அது நம் கண்ணுக்கு வராது. மேட் பரப்பு நுணுக்கமான சொரசொரப்பு கொண்டது. எந்தக் கோணத்தில் பிடித்தாலும் கொஞ்சம் ஒளி சிதறி வந்துகொண்டே இருக்கும். கறுப்பின் மேல் சாம்பல் தூவியது மாதிரி. எந்தக் காகிதமும் இதிலிருந்து தப்ப முடியாது. ஆகவே இது 1.62, அது 1.68 என்று அட்டவணை பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒருவேளை தெரியும். சுவரில் மாட்டிய பிறகு யாருக்கும் தெரியாது.

அப்படியானால் பரைட்டாவுக்கே போய்விடலாமே என்று கேட்கலாம். சில படங்களுக்குப் போகத்தான் வேண்டும். மழை நின்ற இரவுத் தெரு, ஈரத்தில் மின்னும் பாறை, கறுப்புக்குள் கறுப்பு இருக்கிற படங்கள் எல்லாம் மேட்டில் உயிரை விட்டுவிடும். ஆனால் புகைப்படக் கலையில் மிகவும் மதிக்கப்படும் பிரிண்ட் வகைகளில் ஒன்றான, வெள்ளிக்குப் பதில் பிளாட்டினத்தால் படம் உருவாகும் பிளாட்டினம் பிரிண்டும் மேட்தான். 1873இல் வில்லியம் வில்லிஸ் காப்புரிமை பெற்ற முறை அது. அதன் கறுப்பு இன்றைய மேட் இங்க்ஜெட்டின் கறுப்பைவிட வெளிர். ஃபிரெடரிக் எவன்ஸ் இங்கிலாந்தின் பெரிய தேவாலயங்களுக்குள் தூண்களையும் படிகளையும் எடுத்து பிளாட்டினத்தில் அச்சிட்ட படங்களைப் பார்த்து யாரும் கறுப்பு போதவில்லை என்று சொன்னதில்லை. அங்கே எல்லாம் நடுச்சாம்பலில் நடக்கிறது. பனி, தோல், பழைய சுவர், துணி மடிப்பு, மேகமூட்டமான பகல் இவையெல்லாம் மேட்டுக்கென்றே பிறந்தவை.

இன்னொன்று. சாதாரண ஃபிரேம் கண்ணாடி தன் இரண்டு பக்கங்களிலுமாகச் சேர்த்து ஏறக்குறைய 8 சதவீத ஒளியைத் திருப்பிவிடுகிறது. வெளிச்சமான அறையில் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டால் பரைட்டாவின் அரை சதவீதக் கறுப்பு தன் பெருமையில் பெரும்பகுதியை இழந்துவிடும். கையில் வைத்துப் பார்க்கும்போது இருந்த அந்த இடைவெளி, மாட்டிய பிறகு இருப்பதில்லை.

காகிதத்துக்குப் போவதற்கு முன்னால் இங்க். பிக்மென்ட் பிரிண்டர்களில் இரண்டு கறுப்பு இருக்கும்: மேட் பிளாக், ஃபோட்டோ பிளாக். மேட் காகிதத்தில் ஃபோட்டோ பிளாக்கை அடித்தால் எவ்வளவு உசத்தியான காகிதமும் சாம்பலாகத்தான் நிற்கும். டிரைவரில் நாம் தேர்ந்தெடுக்கும் காகித வகையை வைத்துத்தான் எந்தக் கறுப்பு என்பதை பிரிண்டர் முடிவு செய்கிறது. படகை எடுத்தபோது நான் செய்திருந்த தவறும் அதுவாக இருக்குமோ என்று பின்னால் சரிபார்த்தேன்; இல்லை, சரியாகத்தான் போட்டிருந்தேன். எப்சன் 3880 போன்ற பழைய மாடல்களில் இரண்டு கறுப்பும் ஒரே வழியைப் பகிர்ந்துகொண்டதால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இங்க் வீணாகும். எப்சன் பி700, பி900, கேனன் ப்ரோ-1000, ப்ரோ-300 ஆகியவற்றில் அந்தத் தொல்லை இல்லை. நிறம் கரைந்திருக்கும் டை இங்க் பிரிண்டர் வைத்திருப்பவர்கள், பருத்தி நாரில் செய்த காட்டன் காகிதத்துக்கு ஆசைப்படும் முன் ஒரே ஒரு தாளில் சோதித்துப் பார்ப்பது நல்லது. இந்தக் காகிதங்கள் பிக்மென்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை.

சரி, வெள்ளைக்கு வருவோம்.

துணி வெளுப்பாகத் தெரிய நீலம் போடுகிறோம் இல்லையா, அதே தந்திரத்தைக் காகிதத்திலும் செய்கிறார்கள். பிரைட்னர் என்று ஒரு ரசாயனம். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு நீலமாகத் திருப்பித் தரும். காகிதத்தின் இயல்பான மஞ்சள் மறைந்து, பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். பெயரில் 'பிரைட்' என்று இருந்தால் பெரும்பாலும் இது உண்டு. 'நேச்சுரல்' என்று இருந்தால் பெரும்பாலும் இல்லை. கையில் சின்ன யூவி டார்ச் இருந்தால் இருட்டறையில் அடித்துப் பாருங்கள். பிரைட்னர் உள்ள தாள் நீலமாக ஒளிரும். இல்லாதது மங்கலாக, சும்மா கிடக்கும்.

கறுப்பு வெள்ளைக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? வண்ணப் படத்தில் காகிதத்தின் நிறம் மற்ற நிறங்களுக்குள் ஒளிந்துகொள்ளும். கறுப்பு வெள்ளையில் ஒளிய இடமில்லை. படத்தின் பிரகாசமான பகுதிகளில் இங்க் மிகக் குறைவு. அங்கே நாம் பார்ப்பது பெரும்பாலும் காகிதத்தைத்தான். என் பனிப்படத்தில் முக்கால்வாசி இடம் காகிதம். அதனால்தான் காகிதத்தை மாற்றியதும் படமே மாறிவிட்டது.

பிரைட்னரின் சிக்கல்கள் மூன்று. முதலாவது, அந்த வெள்ளை வெளிச்சத்தைப் பொறுத்தது. ஜன்னலோரம் நீலமாக இருந்த தாள், புற ஊதா இல்லாத சாதாரண எல்இடி விளக்கின் கீழே வேறு மாதிரி இருக்கும். இரண்டாவது, புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டு ஃபிரேம் செய்தால் பிரைட்னர் வேலை செய்யவே செய்யாது. வெளுப்புக்காக வாங்கிய காகிதத்தின் வெளுப்பை நாமே கண்ணாடி போட்டு அணைத்துவிடுகிறோம். மூன்றாவது, காலப்போக்கில் அதன் சக்தி போய்விடும், அப்போது காகிதம் தன் சொந்த நிறத்துக்குத் திரும்பும். இங்க் மங்காமல் இருக்க, காகிதம் மட்டும் மஞ்சளேறும். ஒரு பிரிண்டை யாருக்காவது கொடுக்கப்போகிறோம், அது சுவரில் பல வருஷம் இருக்கப்போகிறது என்றால் இது கவலைப்பட வேண்டிய விஷயம்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு காகிதங்களைப் பார்க்கலாம்.

எப்சனின் என்ஹான்ஸ்டு மேட், 192 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). மிருதுவான, வழவழப்பான, மெல்லிய தாள். பிரைட்னர் உண்டு. இதைக் கீழ்த்தரமாக நினைக்க வேண்டாம். இதில் வரும் கறுப்பு, பெரிய பெயர் வாங்கிய காட்டன் காகிதங்களுக்குச் சளைத்ததல்ல. நுணுக்கங்களும் கூர்மையாக விழும். சோதனைப் பிரிண்ட், ஆல்பம், கற்றுக்கொள்ளும் காலம், எல்லாவற்றுக்கும் நான் சொல்வது இதையோ இந்த வகையில் வேறொன்றையோதான். கையில் எடுத்தால் சுவரொட்டி போல இருக்கும் என்பதும், வெள்ளை நிலைக்காது என்பதும்தான் குறை. இந்த வகையை விட்டுவிட்டு நேரே காட்டனில் ஆரம்பிப்பவர்கள் ஒவ்வொரு தாளுக்கும் பயந்து பயந்து பிரிண்ட் எடுப்பார்கள். பயந்தால் கற்றுக்கொள்ள முடியாது.

அடுத்தது வழவழப்பான காட்டன். முடிவெடுப்பதில் உண்மையான தடுமாற்றம் இங்கேதான். காட்டனில் லிக்னின் கிடையாது. மரக்கூழில் செய்த மலிவான காகிதங்களைப் பழுப்பாக்குவது அந்த லிக்னின்தான். (ஆல்ஃபா செல்லுலோஸ் என்று போட்டிருந்தால் மரக்கூழ்தான், ஆனால் லிக்னினை நீக்கியது.) ஹானெமூலே ஃபோட்டோ ராக் 308, கான்சன் ராக் ஃபோட்டோகிராஃபிக் 310, மோவாப் என்ட்ராடா, எப்சன் ஹாட் பிரஸ் என்று பெயர்கள் நிறைய. எனக்குப் போட்டி முதல் இரண்டுக்குள்தான்.

ஃபோட்டோ ராக்கில் பிரைட்னர் உண்டு, கொஞ்சமாக. வெள்ளை நடுநிலையாக, லேசான குளிர்ச்சியோடு இருக்கும். மேற்பரப்பில் மிக மெல்லிய ஒரு மேடு பள்ளம். கம்பளித் துணியை அழுத்தி எடுத்தது போல. முகங்களுக்கு இது ரொம்பப் பொருந்தும். வயதான ஒருவரின் கன்னத்துச் சுருக்கங்களை இதில் பிரிண்ட் எடுத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடித்தால் காகிதத்தின் மேடும் தோலின் மேடும் சேர்ந்துகொள்ளும். ராக் ஃபோட்டோகிராஃபிக்கில் பிரைட்னர் கிடையாது. பரப்பு இன்னும் வழவழப்பு, வெள்ளை கொஞ்சம் இதமானது, மஞ்சள் என்று சொல்ல முடியாது. சின்ன அளவுப் பிரிண்டிலும் மெல்லிய கிளைகள், கம்பிகள் எல்லாம் கலையாமல் நிற்கும். என்ட்ராடாவிலும் ஹாட் பிரஸ்ஸிலும் பிரைட், நேச்சுரல் என்று இரண்டு வகை இருப்பதால், ஒரே பரப்பில் வெள்ளையை மட்டும் மாற்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அவை நல்ல பாடம். என்ட்ராடாவில் இரண்டு பக்கமும் இங்கைப் பிடித்துக்கொள்ளும் கோட்டிங் உண்டு, புத்தகமாகக் கட்டுவதற்கு வசதி.

இதமான வெள்ளைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எப்சன் பிரிண்டர்களில் கறுப்பு வெள்ளைக்கென்றே இருக்கும் அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட் முறையில் நியூட்ரல் வைத்து இப்படிப்பட்ட காகிதத்தில் அடித்தால், பிரகாசமான பகுதிகள் காகிதத்தின் நிறத்தை வாங்கி இதமாகவும், நிழல்கள் இங்கின் நிறத்தில் குளிர்ச்சியாகவும் நிற்கும். சில படங்களில் அழகு. சிலவற்றில் இரண்டு பேர் ஒரே பாட்டை இரண்டு சுருதியில் பாடுவது போல. அப்படித் தோன்றினால் டோனைக் கொஞ்சம் வெப்பப் பக்கம் தள்ளுங்கள், இரண்டும் சேர்ந்துவிடும்.

அப்புறம் சொரசொரப்பான காகிதங்கள். ஹானெமூலேயின் ஜெர்மன் எட்சிங், வில்லியம் டர்னர், மியூசியம் எட்சிங். கையில் எடுத்ததுமே மனசைப் பறித்துவிடும் ரகம். எனக்கு இவற்றின் மேல் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு: பார்ப்பவர்கள் படத்தைப் பாராட்டுகிறார்களா, காகிதத்தையா? வாட்டர்கலர் தாள் மாதிரியான மேடு பள்ளம் சின்ன நுணுக்கங்களை விழுங்கிவிடும். வெறும் வானம் இருந்தால் அதில் காகிதத்தின் கோலம்தான் முதலில் தெரியும். மேலிருந்து விழும் ஸ்பாட் விளக்கின் கீழே ஒவ்வொரு மேடும் ஒளியைச் சிதறடித்து, கறுப்பு இன்னும் வெளுக்கும். பெரிய அளவில், எளிய வடிவங்கள் உள்ள படத்துக்கு இவை சரி. உள்ளங்கை அளவுப் படத்துக்கு வேண்டவே வேண்டாம். மூங்கில் நார் 90 சதவீதம் உள்ள ஹானெமூலே பேம்பூ, அவகாமியின் கோசோ (மல்பெரி மரப்பட்டை நாரில் செய்தது) போன்ற ஜப்பானியக் காகிதங்கள் தனி உலகம். நிறமும் நாரும் வெளிப்படையாகத் தெரிபவை. அவற்றை முதல் காகிதமாக யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எடையைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. 190க்கும் 310க்கும் படத்தில் வித்தியாசம் கிடையாது, கையில் பிடிக்கும்போதுதான். கனமான தாளுக்கு பிரிண்டரில் நேராகப் போகும் வழி வேண்டும்; ஓரம் சுருண்டிருந்தால் இங்க் தெளிக்கும் ஹெட் உரசும். தட்டையாக்கிவிட்டுப் போடுங்கள்.

அட்டவணைகளில் வராத ஒரு சங்கதி இருக்கிறது, அதில்தான் நான் அதிகம் கஷ்டப்பட்டேன். காட்டன் காகிதம் தூசு உதிர்க்கும். வெட்டிய ஓரங்களிலிருந்து வரும் நுண்ணிய நாரும் கோட்டிங் துகளும் தாளின் மேல் ஒட்டிக்கிடக்கும். இங்க் அதன் மேல் விழும். காய்ந்ததும் துகள் உதிர்ந்துவிடும், கீழே வெள்ளைப் புள்ளி. கறுப்புக் குடையோடு நிற்கும் ஒரு பெண்ணின் படம். பெரிய தாள், அன்றைக்குப் பார்த்து எல்லாம் சரியாக வந்திருந்தது. மறுநாள் காலையில் குடையின் நடுவே குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளை. மெல்லிய தூரிகையில் மேட் பிளாக் இங்கைத் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு அடைத்தேன். அடைத்த இடம் எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. இப்போதெல்லாம் தாளைச் செங்குத்தாகப் பிடித்து விளிம்பில் இரண்டு தட்டு, பிறகு அகலமான மிருதுவான தூரிகையால் மேலிருந்து கீழாக ஒரு தடவு, அதன் பிறகுதான் பிரிண்டருக்கு. நிறைய கறுப்பு உள்ள படமென்றால் உதிராத காகிதம் எதுவோ அதற்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

மேட் கறுப்பு உரசலையும் தாங்காது. தாளின் மேல் தாளை இழுத்தால் கறுப்பில் பளபளப்பான கோடு விழும், அழிக்க முடியாது. இடையில் மெல்லிய தாள் வைத்து அடுக்குங்கள். கண்ணாடி இல்லாமல் கையில் கொடுக்கப்போகும் பிரிண்டுகளுக்குப் பாதுகாப்பு ஸ்பிரே அடிக்கலாம்.

இனி எப்படித் தேர்ந்தெடுப்பது. ஹானெமூலே, கான்சன், மோவாப் எல்லாருமே ஒவ்வொரு வகையிலும் ஓரிரு தாள் வைத்து மாதிரிப் பொதி தருகிறார்கள். அதில் தொடங்குங்கள். அந்தந்தக் காகிதத்துக்கான ஐசிசி ப்ரொஃபைலை (அந்தக் காகிதத்தில் டோன் சரியாக விழ உதவும் கோப்பு) தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஒப்பிட்டால் காகிதத்தை ஒப்பிடவில்லை, தவறுகளை ஒப்பிடுகிறோம். படம் மூன்று போதும்: பெரும்பாலும் வெள்ளையாக இருப்பது ஒன்று, ஒரு முகம், இருட்டானது ஒன்று. கூடவே முழுக் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 21 கட்டங்கள் உள்ள சாம்பல் பட்டை. பட்டையின் கறுப்பு முனையில் எத்தனை கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போகின்றன என்று பாருங்கள். முதல் இரண்டு மூன்று கட்டங்கள் ஒன்றாகிவிட்டால் காகிதத்தைத் திட்டுவதற்கு முன் படத்தின் நிழல்களைக் கொஞ்சம் தூக்கிவிட்டு மறுபடி எடுங்கள். மேட்டுக்கென்று தனிக் கோப்பு வைத்துக்கொள்ளாதவர்கள்தான் மேட் மங்கல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். திரையின் வெளிச்சத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

தாளின் எந்தப் பக்கத்தில் கோட்டிங் என்று சந்தேகம் வந்தால், லேசாக ஈரமாக்கிய விரலால் ஒரு மூலையில் தொடுங்கள். ஒட்டுகிற பக்கம்தான் அச்சிடும் பக்கம். பின்னால் பென்சிலில் காகிதத்தின் பெயரை எழுதிவிடுங்கள். நாளைக்கு நிச்சயம் மறந்துபோகும். எடுத்தவுடன் தீர்ப்புச் சொல்லாமல் ஓர் இரவு காயவிடுங்கள். பிறகு அந்தப் படம் எங்கே மாட்டப்படுமோ அங்கேயே, அந்த விளக்கின் கீழே, முடிந்தால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். மேசை விளக்கின் கீழே ஜெயித்த காகிதம் அங்கே தோற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு காகிதம்தான் வாங்குவேன் என்றால் பிரைட்னர் இல்லாத வழவழப்பான காட்டனை வாங்குங்கள். வெள்ளை இன்று எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கும், எந்த விளக்கின் கீழேயும் ஏமாற்றாது, பரப்பு படத்துக்குக் குறுக்கே வராது. குளிர்ச்சியான, பளிச்சென்ற வெள்ளை இல்லாமல் படம் நிற்கவே நிற்காது என்றால், பனிமலையோ கண்ணாடிக் கட்டடமோ எடுக்கிறவர் என்றால், பிரைட் வகைக்குப் போகலாம். அதன் ஆயுளைத் தெரிந்துகொண்டு போகலாம்.

என் அலமாரியில் இப்போது மூன்று பெட்டிகள். சோதனைக்கு என்ஹான்ஸ்டு மேட், முகங்களுக்கு ஃபோட்டோ ராக், மற்ற எல்லாவற்றுக்கும் ராக் ஃபோட்டோகிராஃபிக். படகும் அதில்தான் இருக்கிறது. நாலாவதாக ஆசைப்பட்டு வாங்கிய வில்லியம் டர்னரும் ஒரு பெட்டி உண்டு, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு தாள் போக மிச்சமெல்லாம் அப்படியே இருக்கிறது.